மருந்துக் காப்புரிமையும் டிரிப்ஸ் ஒப்பந்தமும்: உலகச் சட்டம் உள்ளூர் மருந்துக்கடைக்கு வரும் வழி – அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஒருவகை ரத்தப் புற்றுநோய்க்குத் தரப்படும் இமாடினிப் மாத்திரையின் பிராண்ட் பெயர் க்ளிவெக். 2000-களின் நடுவில் இந்தியாவில் அதன் ஒரு மாதச் செலவு ஏறத்தாழ 1,20,000 ரூபாய். இந்தியக் கம்பெனிகள் செய்த அதே மருந்து 8,000 முதல் 10,000 ரூபாய்க்குக் கிடைத்தது. இந்த இடைவெளியைத் தீர்மானித்தது, உலக ஒப்பந்தம் ஒன்றை இந்தியா தன் சட்டத்தில் எந்தச் சொற்களில் எழுதியது என்பதுதான். அது எப்படி நடந்தது, நோயாளி அமைப்புகளும் மருந்துக் கம்பெனிகளும் மாநில அரசுகளும் அந்தச் சொற்களை எப்படிப் பயன்படுத்தலாம் என்பது இந்தப் பக்கம்.

டிரிப்ஸ் என்றால் என்ன?

அறிவுசார் சொத்துரிமையின் வர்த்தகம் தொடர்பான அம்சங்கள் குறித்த ஒப்பந்தம். 1994 ஏப்ரலில் மொராக்கோவின் மராகேஷ் நகரில் கையெழுத்தானது. 1995 ஜனவரி 1 அன்று உலக வர்த்தக அமைப்போடு சேர்ந்து நடைமுறைக்கு வந்தது. அமைப்பில் உறுப்பினராக வேண்டுமானால் இதையும் ஏற்றாக வேண்டும். பிடித்ததை மட்டும் எடுத்துக்கொள்ள வழியில்லை. ஜவுளி ஏற்றுமதிக்கும் வேளாண் பொருளுக்கும் சந்தை வேண்டும் என்று போன நாடுகள் மருந்துக் காப்புரிமையையும் தலையில் ஏற்றிக்கொண்டு திரும்பியதற்கு இதுதான் காரணம்.

இந்தியா கையெழுத்திட்டுவிட்டால் அன்றே அது இங்கே சட்டமாகிவிடுமா?

ஆகாது. ஒப்பந்தம் செய்துகொள்வது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். உள்நாட்டில் ஒருவரின் உரிமையை அது மாற்ற வேண்டுமானால் அரசமைப்புச் சட்டத்தின் 253-வது பிரிவின்படி நாடாளுமன்றம் சட்டம் இயற்ற வேண்டும். 1980-இல் ஜாலி ஜார்ஜ் வர்கீஸ் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதைத் தெளிவாகச் சொன்னது. 2023-இல் நெஸ்லே வழக்கில், இரட்டை வரிவிதிப்புத் தவிர்ப்பு ஒப்பந்தம்கூட வருமான வரிச் சட்டத்தின் கீழ் அறிவிக்கை வெளியிடாத வரை இங்கே செல்லுபடியாகாது என்று தீர்ப்பானது.

விதிவிலக்கு உண்டு. உள்நாட்டுச் சட்டம் எதுவும் சொல்லாத இடத்தை நிரப்ப ஒப்பந்தத்தைத் துணைக்கு அழைக்கலாம்; பணியிடப் பாலியல் துன்புறுத்தல் குறித்த 1997 விசாகா தீர்ப்பு அப்படி வந்ததுதான். நடைமுறையில் இதன் பொருள்: மனுவில் ஒப்பந்தத்தை முதல் வாதமாக வைக்காதீர்கள். உள்நாட்டுச் சட்டத்தின் எந்த வரியை நம்புகிறீர்கள் என்று காட்டுங்கள். அந்த வரிக்கு இரண்டு பொருள் வருகிறது என்றால், ஒப்பந்தத்தோடு ஒத்துப்போகும் பொருளை எடுக்கும்படி கேளுங்கள். வரிசையைத் தலைகீழாக்கிய மனுக்கள்தான் முதல் நாளிலேயே தடுமாறுகின்றன.

டிரிப்ஸுக்கு முன்பு இந்தியாவில் மருந்துக்குக் காப்புரிமையே இல்லையா?

இருந்தது, ஆனால் மருந்துக்கு அல்ல, அதைச் செய்யும் முறைக்கு. அப்போது சென்னை உயர் நீதிமன்ற நீதிபதியாக இருந்த என். ராஜகோபால அய்யங்கார் 1959 செப்டம்பரில் அளித்த அறிக்கைதான் இதன் அடித்தளம். உணவு, மருந்து, வேதிப்பொருள் ஆகியவற்றில் பொருளுக்கே காப்புரிமை தந்தால் போட்டி முளைக்காது என்பது அவர் வாதம். அதன் வழியில் வந்த 1970-ஆம் ஆண்டு காப்புரிமைச் சட்டம் 1972 ஏப்ரல் 20 முதல் நடைமுறைக்கு வந்தது. மருந்து செய்முறைக்கான காப்புரிமையின் ஆயுள், வழங்கிய நாளிலிருந்து 5 ஆண்டு அல்லது காப்புரிமைத் தேதியிலிருந்து 7 ஆண்டு, எது குறைவோ அது. அதே மருந்தை வேறு வழியில் தயாரிப்பவரைத் தடுக்க யாருக்கும் உரிமை இல்லை. இன்று உலகெங்கும் போகும் இந்திய ஜெனரிக் மருந்துத் தொழில் (அதே மருந்தை வேறு கம்பெனிகள் பொதுப்பெயரில் செய்து விற்பது) இந்த ஒரு ஏற்பாட்டின் நிழலில் வளர்ந்தது.

சட்டத்தை மாற்ற ஏன் பத்தாண்டு ஆனது?

ஒப்பந்தமே அந்த அவகாசத்தைத் தந்தது. அதுவரை பொருள் காப்புரிமை தராத துறைகளில், வளரும் நாடுகளுக்கு 2005 ஜனவரி 1 வரை காலம். ஆனால் ஒரு கொக்கி இருந்தது: 1995 முதலே மருந்துக்கான விண்ணப்பங்களை வாங்கி ஒரு பெட்டியில் போட்டு வைக்க வேண்டும். இதற்கு ‘அஞ்சல்பெட்டி’ ஏற்பாடு என்று பெயர். இந்தியா 1994 டிசம்பர் கடைசியில் ஓர் அவசரச் சட்டம் போட்டது. அதற்குப் பதிலான மசோதா நாடாளுமன்றத்தில் நிறைவேறாமல் காலாவதியானது. நிர்வாக உத்தரவின்படி விண்ணப்பங்களை வாங்கிக்கொண்டுதான் இருக்கிறோம் என்றது அரசு. அமெரிக்கா புகார் செய்தது. சட்ட அடிப்படை இல்லாத உத்தரவு போதாது என்று உலக வர்த்தக அமைப்பின் மேல்முறையீட்டு அமைப்பு 1997 டிசம்பரில் முடிவு சொன்னது.

பிறகு 1999, 2002, 2005 என மூன்று திருத்தங்கள். முதலாவது அஞ்சல்பெட்டிக்கு, இரண்டாவது எல்லாக் காப்புரிமைக்கும் 20 ஆண்டு ஆயுள், மூன்றாவது மருந்துக்கே காப்புரிமை. மூன்றாவது திருத்தத்தில் பலர் கவனிக்காத ஒரு பாதுகாப்பு இருக்கிறது. 2005-க்கு முன்பே கணிசமாக முதலீடு செய்து ஒரு மருந்தை விற்றுவந்த கம்பெனி, பெட்டியில் இருந்த விண்ணப்பத்துக்குப் பின்னால் காப்புரிமை கிடைத்தாலும், காப்புரிமையாளருக்கு நியாயமான ராயல்டி (உரிமைத்தொகை) கொடுத்துத் தொடர்ந்து தயாரிக்கலாம். பிரிவு 11ஏ-இன் 7-வது உட்பிரிவில் இது உள்ளது.

ஒப்பந்தம் எதைக் கட்டாயமாக்குகிறது, எதை நம்மிடம் விடுகிறது?

எல்லாத் தொழில்நுட்பத் துறைகளிலும் காப்புரிமை தர வேண்டும். ஆயுள் விண்ணப்பத் தேதியிலிருந்து 20 ஆண்டுக்குக் குறையக் கூடாது. இவை கட்டாயம். ஆனால் காப்புரிமை பெற ஒரு பொருள் புதிதாக இருக்க வேண்டும், கண்டுபிடிப்புப் படி (துறை அறிந்தவருக்கு வெளிப்படையாகத் தோன்றாத முன்னேற்றம்) இருக்க வேண்டும் என்று சொல்லும் ஒப்பந்தம், ‘புதிது’ என்றால் என்ன, எவ்வளவு பெரிய படி என்று எங்கும் வரையறுக்கவில்லை. அந்தக் காலியிடத்தை ஒவ்வொரு நாடும் தன் சொற்களால் நிரப்பிக்கொள்ளலாம். கட்டாய உரிமத்துக்கான (காப்புரிமையாளர் சம்மதிக்காவிட்டாலும் வேறொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி) காரணங்களையும் ஒப்பந்தம் பட்டியலிட்டு அடைக்கவில்லை. அவசரநிலை வந்தால் மட்டுமே கட்டாய உரிமம் என்று செய்திகளில் அடிக்கடி எழுதப்படுவது தவறு. 2001 நவம்பர் 14 அன்று உலக வர்த்தக அமைப்பின் உறுப்பு நாடுகள் தோஹாவில் வெளியிட்ட பிரகடனத்தில், காரணங்களைத் தீர்மானிக்கும் சுதந்திரம் ஒவ்வோர் உறுப்பு நாட்டுக்கும் உண்டு என்று எழுத்திலேயே வந்துவிட்டது. எது அவசரநிலை என்பதும் அந்தந்த நாடு முடிவு செய்வது.

பிரிவு 3(டி) பற்றி ஏன் இவ்வளவு பேச்சு?

மேலே சொன்ன காலியிடத்தை இந்தியா நிரப்பிய விதம் அது. ஏற்கெனவே தெரிந்த ஒரு பொருளின் புதிய வடிவம், அதன் அறியப்பட்ட செயல்திறனை உயர்த்தாவிட்டால், கண்டுபிடிப்பே ஆகாது. உப்பு, எஸ்டர், வேறு படிக வடிவம், துகள் அளவு, ஐசோமர், கலவை எல்லாம் செயல்திறனில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லாத வரை பழைய பொருளாகவே கருதப்படும். இதைப் போட்டதற்குக் காரணம் எளிது. மூல மருந்தின் 20 ஆண்டு முடியும் தறுவாயில் அதன் உப்புக்கு ஒன்று, படிகத்துக்கு ஒன்று என்று காப்புரிமையை நீட்டிக்கொண்டே போவது மருந்துத் தொழிலில் வழக்கம்.

இதன் முதல் பெரிய சோதனை சென்னையில் நடந்தது. க்ளிவெக்கின் கம்பெனியான நோவார்ட்டிஸ் 1998 ஜூலையில் சென்னைக் காப்புரிமை அலுவலகத்தில் இமாடினிப் மெசிலேட்டின் பீட்டா படிக வடிவத்துக்கு விண்ணப்பித்திருந்தது. புற்றுநோயாளிகளுக்கான தொண்டு அமைப்பு ஒன்றும் நாட்கோ, சிப்லா, ரான்பாக்சி, ஹெட்டரோ ஆகிய கம்பெனிகளும் எதிர்த்தன. 2006 ஜனவரியில் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. கம்பெனி சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போய், 3(டி) டிரிப்ஸுக்கு முரண், அரசமைப்பின் சமத்துவ உரிமைக்கும் முரண் என்றது. 2007 ஆகஸ்ட் 6 அன்று நீதிபதிகள் ஆர். பாலசுப்ரமணியன், பிரபா ஸ்ரீதேவன் அமர்வு இரண்டையும் ஏற்கவில்லை. ஒப்பந்தத்தை மீறியதா என்ற கேள்விக்கு உலக வர்த்தக அமைப்பின் தகராறு தீர்ப்பு முறை இருக்கிறது, அதை உள்நாட்டு நீதிமன்றம் விசாரிக்காது. சமத்துவ வாதத்தைப் பொறுத்தவரை, சட்டம் மனம்போன போக்கில் எழுதப்பட்டதல்ல.

உலக வர்த்தக அமைப்பில் வழக்குத் தொடுக்க நாடுகளால்தான் முடியும், கம்பெனிகளால் முடியாது. 3(டி)-க்கு எதிராக எந்த நாடும் இதுவரை அங்கே தகராறு மனு கொண்டுபோய்த் தீர்ப்பு வாங்கவில்லை. ஆண்டுதோறும் அமெரிக்க வர்த்தகப் பிரதிநிதி வெளியிடும் அறிக்கையில் இந்தியா கண்காணிப்புப் பட்டியலில் இடம்பெறுவதோடு விஷயம் நிற்கிறது. அது அழுத்தம், தீர்ப்பு அல்ல.

2013 ஏப்ரல் 1 அன்று உச்ச நீதிமன்றம் கடைசி முடிச்சைப் போட்டது. மருந்தைப் பொறுத்தவரை ‘செயல்திறன்’ என்றால் நோயைத் தீர்க்கும் திறன். படிக வடிவம் நன்றாகப் பாய்கிறது, ஈரம் உறிஞ்சுவதில்லை, கெடாமல் இருக்கிறது என்பவை தயாரிப்பாளருக்கு வசதி. நோயாளிக்குத் திறன் கூடியதாகாது. உடலில் 30 சதவீதம் கூடுதலாகச் சேர்கிறது என்பதும் தன்னளவில் போதாது. அதனால் நோய் கூடுதலாகத் தணிகிறது என்று தரவு காட்ட வேண்டும். 3(டி) எல்லாப் புதிய வடிவத்துக்கும் கதவை அடைத்துவிட்டது என்று இதைப் படிப்பவர்கள் உண்டு, அது மிகை. தரவோடு வருபவருக்குக் கதவு திறந்தே இருக்கிறது.

ஒரு மருந்துக்கு இந்தியாவில் காப்புரிமை இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பது?

இந்தியக் காப்புரிமை அலுவலகத்தின் ‘இன்பாஸ்’ தேடல் பக்கம் இலவசம். பிராண்ட் பெயரைப் போட்டுத் தேடினால் பெரும்பாலும் ஒன்றும் வராது. விண்ணப்பம் எழுதப்பட்ட காலத்தில் பிராண்ட் பெயர் மட்டுமல்ல, மருந்தின் பொதுப்பெயரே சில சமயம் பிறந்திருக்காது. ஆகவே இந்த வரிசையில் போங்கள்: முதலில் ‘மெட்ஸ்பால்’ என்ற சர்வதேச மருந்துக் காப்புரிமைத் தளத்தில் பொதுப்பெயரைப் போட்டு, இந்தியாவுக்கான விண்ணப்ப எண்கள் உள்ளனவா என்று பாருங்கள். இல்லாவிட்டால் அமெரிக்கக் காப்புரிமையின் எண்ணைப் பிடித்து, அதன் சர்வதேச விண்ணப்ப எண்ணை எடுத்து, அதை இன்பாஸில் போடுங்கள். கம்பெனிப் பெயர், கண்டுபிடிப்பாளர் பெயர், வேதிக் கட்டமைப்பின் பெயர் ஆகியவை அடுத்த வழிகள்.

ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிடாதீர்கள். ஒரு மருந்துக்குப் பல காப்புரிமைகள் இருப்பது சாதாரணம்: மூலக்கூறுக்கு, உப்புக்கு, மாத்திரைக் கலவைக்கு, தயாரிப்பு முறைக்கு. ஒவ்வொன்றுக்கும் மூன்றைக் குறித்துக்கொள்ளுங்கள்: விண்ணப்பத் தேதி (20 ஆண்டை அதிலிருந்து எண்ண வேண்டும், சர்வதேச விண்ணப்பமானால் சர்வதேசத் தேதியிலிருந்து), இப்போதைய நிலை, புதுப்பிப்புக் கட்டணம் கட்டப்பட்டிருக்கிறதா என்பது. கட்டணம் கட்டாததால் செத்துப்போன காப்புரிமையைப் பார்த்துப் பயந்து கொள்முதலைத் தள்ளிப்போட்டால் நஷ்டம் நோயாளிக்கு.

யார் எதிர்க்கலாம், எப்போது?

முதல் வழி, வழங்குவதற்கு முந்தைய எதிர்ப்பு. பிரிவு 25(1), படிவம் 7ஏ. விண்ணப்பம் காப்புரிமை அலுவலகத்தின் இதழில் வெளியானதிலிருந்து (சாதாரணமாக 18 மாதம் கழித்து) காப்புரிமை வழங்கப்படும் வரை யார் வேண்டுமானாலும் கொடுக்கலாம். வெளியானதிலிருந்து 6 மாதம் முடியும் முன் காப்புரிமை வழங்கக் கூடாது என்று விதி இருக்கிறது. ஆகவே பாதுகாப்பான காலம் அந்த 6 மாதம்தான். அதற்குப் பின் எந்த நாளிலும் கதவு மூடலாம்.

2024 மார்ச் 15 அன்று விதிகள் மாறின. முந்தைய எதிர்ப்புக்கு இப்போது கட்டணம் உண்டு. மனு விசாரணைக்கு ஏற்றதா என்று காப்புரிமை அலுவலகத்தில் முடிவெடுக்கும் அதிகாரியான கன்ட்ரோலர் முதலில் பார்ப்பார். வெற்றாக, பெயருக்கு ஒரு மனுவைப் போட்டு வைத்துப் பிறகு நிரப்பிக்கொள்ளும் பழக்கம் இனிச் செல்லாது.

இரண்டாவது வழி, வழங்கிய பின். பிரிவு 25(2), படிவம் 7. வழங்கிய அறிவிப்பு வெளியானதிலிருந்து ஓர் ஆண்டுக்குள். அக்கறையுள்ள தரப்பினர் மட்டும். மூன்றாவது, உயர் நீதிமன்றத்தில் பிரிவு 64-இன் கீழ் ரத்து மனு. ரத்து மனுக்களையும் மேல்முறையீடுகளையும் கேட்க முன்பு தனித் தீர்ப்பாயம் இருந்தது. 2021 ஏப்ரலில் அதைக் கலைத்தபின் அவை உயர் நீதிமன்றங்களுக்கு வந்துவிட்டன.

எதிர்ப்பு பலன் தருமா என்றால், காசநோய்க்கான பெடாகுயிலின் நல்ல சாட்சி. மூல மருந்தின் காப்புரிமை 2023 ஜூலையில் முடிய இருந்தது. அதன் ஃபியூமரேட் உப்புக்கான விண்ணப்பம் நிறைவேறியிருந்தால் 2027 வரை ஏகபோகம் நீண்டிருக்கும். காசநோயிலிருந்து மீண்ட இரண்டு பெண்கள் எதிர்ப்பு மனு கொடுத்தார்கள். ஒருவர் இந்தியர், மற்றவர் தென்னாப்பிரிக்கர். 2023 மார்ச்சில் உப்பு விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது.

எதிர்ப்பு மனுக்கள் எங்கே தோற்கின்றன?

‘மருந்து விலை அதிகம்’ என்று பத்துப் பக்கம் எழுதுவதில். விலை, காப்புரிமையை எதிர்ப்பதற்கான காரணமே அல்ல. அது கட்டாய உரிம மனுவில் வைக்க வேண்டிய வாதம். பிரிவு 25(1)-இல் 11 காரணங்கள் உள்ளன. மருந்துக்குப் பெரும்பாலும் உதவுபவை மூன்று: முன்பே வெளியானது, துறை அறிந்தவருக்கு வெளிப்படையானது, பிரிவு 3-இன்படி கண்டுபிடிப்பே அல்ல. ஒவ்வொன்றுக்கும் ஆவணம் வேண்டும், ஆவணத்தில் பக்கம் வேண்டும், அந்தப் பக்கத்தின் எந்த வாக்கியம் விண்ணப்பத்தின் எந்தக் கோரிக்கையை (விண்ணப்பதாரர் உரிமை கேட்கும் வரி) உடைக்கிறது என்ற அட்டவணை வேண்டும்.

இரண்டாவது தவறு தேதி. எதிராகக் காட்டும் கட்டுரை, விண்ணப்பத்தின் முன்னுரிமைத் தேதிக்கு (அதே கண்டுபிடிப்புக்கு முதன்முதலில் எந்த நாட்டிலாவது விண்ணப்பித்த தேதி) முன்னால் வெளிவந்திருக்க வேண்டும். இந்தியாவில் விண்ணப்பித்த தேதிக்கு முன்னால் என்று தப்பாகக் கணக்கிட்டு, ஓராண்டு பிந்திய கட்டுரையை நம்பிக்கொண்டிருப்பவர்கள் உண்டு. மூன்றாவது, விசாரணையை எழுத்தில் கேட்காமல் விடுவது. கேட்டவருக்குத்தான் விசாரணை. நான்காவது: முந்தைய எதிர்ப்பில் தோற்றவருக்கு நேரடி மேல்முறையீடு கிடையாது. வழங்கிய பின்னான ஓராண்டு ஓடத் தொடங்கிவிடும். அதைத் தவறவிட்டால் உயர் நீதிமன்றத்தில் ரத்து மனுதான், செலவும் கூடும்.

கட்டாய உரிமம் என்றால் என்ன? இந்தியா எத்தனை முறை கொடுத்திருக்கிறது?

காப்புரிமை வைத்திருப்பவர் சம்மதிக்காவிட்டாலும், ராயல்டி கொடுத்து வேறொருவர் தயாரிக்க அரசு தரும் அனுமதி. பிரிவு 84-இன் கீழ் இதுவரை ஒரே ஒரு முறை. சிறுநீரக, கல்லீரல் புற்றுநோய்க்கான சோராஃபெனிப் (பேயர் கம்பெனியின் நெக்ஸவார்) 120 மாத்திரைக்கு 2,80,428 ரூபாய். 2012 மார்ச் 9 அன்று கன்ட்ரோலர் பி.எச். குரியன் நாட்கோவுக்கு உரிமம் தந்தார். விலை 8,880 ரூபாயைத் தாண்டக் கூடாது, ராயல்டி 6 சதவீதம். 2013 மார்ச்சில் தீர்ப்பாயம் ராயல்டியை 7 சதவீதமாக்கி, உரிமத்தை உறுதி செய்தது. தீர்ப்பாயத்தின் தலைவர், 3(டி) வழக்கைக் கேட்ட அதே பிரபா ஸ்ரீதேவன். மும்பை உயர் நீதிமன்றமும் 2014-இல் தலையிட மறுத்தது.

அந்த ஒன்று ஏன் வென்றது, அடுத்தவை ஏன் தோற்றன என்பதில்தான் பாடம் இருக்கிறது. நாட்கோ முதலில் கம்பெனியிடம் உரிமம் கேட்டுக் கடிதம் எழுதியது, மறுப்பு வந்தது, காப்புரிமை வழங்கி மூன்று ஆண்டு முடியும்வரை காத்திருந்து, 2011 ஜூலையில் விண்ணப்பித்தது. நோயாளிகள் எண்ணிக்கை எவ்வளவு, கம்பெனி இறக்குமதி செய்தது எவ்வளவு என்ற இடைவெளியைக் காட்ட, காப்புரிமையாளரே தாக்கல் செய்த படிவம் 27-ஐ (காப்புரிமை இந்தியாவில் எப்படிச் செயல்படுத்தப்படுகிறது என்ற அறிக்கை) எடுத்து வைத்தது. மக்களின் நியாயமான தேவை நிறைவேறவில்லை, கட்டுப்படியாகும் விலையில் இல்லை, இந்தியாவில் செயல்படுத்தப்படவில்லை என்ற மூன்று காரணங்களும் நின்றன. ஒன்று நின்றாலே போதும் என்றாலும்.

2013-இல் ரத்தப் புற்றுநோய் மருந்தான டாசாடினிபுக்கு வந்த விண்ணப்பம் முதல் படியிலேயே விழுந்தது: காப்புரிமையாளர் கேள்விகள் கேட்டுப் பதில் எழுதினார், விண்ணப்பதாரர் பேச்சைத் தொடராமல் நேராக மனுப் போட்டார். உண்மையான முயற்சி செய்தாயா, ஆறு மாத அளவில் நியாயமான காலம் கொடுத்தாயா என்று சட்டம் கேட்கிறது. 2016-இல் சாக்ஸாகிளிப்டின் விண்ணப்பம் தள்ளுபடியானது. அதே நீரிழிவு மருந்து வகையில் வேறு மாற்றுகள் சந்தையில் இருந்தன, இந்த மருந்து எத்தனை பேருக்குத் தேவை, எத்தனை பேருக்குக் கிடைக்கவில்லை என்ற எண்ணிக்கை மனுவில் இல்லை.

ஆகவே விண்ணப்பிப்பவர் (படிவம் 17) வைத்திருக்க வேண்டியவை: பதிவுத் தபாலில் போன கடிதங்களும் அவற்றின் பதில்களும், தேவை–விநியோகக் கணக்கு, தயாரிப்பு உரிமம், தன் விலை, அந்த விலைக்கான கணக்கு. படிவம் 27-ஐ முன்பு ஆண்டுதோறும் தாக்கல் செய்ய வேண்டியிருந்தது. 2024 திருத்தத்துக்குப் பின் மூன்று நிதியாண்டுக்கு ஒரு முறை. நாட்கோ பயன்படுத்திய ஆயுதம் அந்த அளவுக்கு மழுங்கிவிட்டது என்பது எங்கள் கருத்து.

பெருந்தொற்று போன்ற நேரத்தில் மூன்று ஆண்டு காத்திருக்க வேண்டுமா?

வேண்டாம். தேசிய அவசரநிலை, மிக அவசரச் சூழல், வணிகநோக்கற்ற பொதுப் பயன்பாடு ஆகியவற்றுக்கு மத்திய அரசு பிரிவு 92-இன் கீழ் அறிவிக்கலாம். பிரிவு 100-இன்படி அரசே பயன்படுத்தலாம், அல்லது ஒருவருக்கு அனுமதி தரலாம். கொரோனாக் காலத்தில் உச்ச நீதிமன்றம் 2021 ஏப்ரலில் இந்தப் பிரிவுகளைச் சுட்டிக்காட்டியது. அரசு அவற்றைத் தொடவில்லை. அதே நேரத்தில் ஜெனீவாவில் உள்ள உலக வர்த்தக அமைப்பில் இந்தியாவும் தென்னாப்பிரிக்காவும் 2020 அக்டோபரிலிருந்தே டிரிப்ஸ் விதிகளைத் தற்காலிகமாகத் தளர்த்தக் கேட்டுக்கொண்டிருந்தன. 2022 ஜூனில் கிடைத்தது தடுப்பூசிக்கு மட்டுமான ஐந்தாண்டுச் சலுகை. வெளியே தளர்வு கேட்ட கை, உள்ளே சட்டத்தில் ஏற்கெனவே இருந்த அதிகாரத்தை எடுக்கவில்லை. ஆனாலும் ஏட்டில் இருப்பதே சில சமயம் வேலை செய்கிறது: 2021 மே மாதம் கொரோனா சிகிச்சைக்குப் பயன்பட்ட பாரிசிடினிபுக்கு நாட்கோ கட்டாய உரிமம் கேட்டதும், அந்த மருந்தின் கம்பெனியான எலி லில்லி தானாகவே உரிமம் தந்தது, மனு திரும்பப் பெறப்பட்டது.

தயாரிக்கும் வசதியே இல்லாத நாடுகள் என்ன செய்யும்?

கட்டாய உரிமத்தில் தயாரித்தது பெரும்பாலும் உள்நாட்டுச் சந்தைக்கே என்பது ஒப்பந்தத்தின் பழைய விதி. அதைத் தளர்த்த 2003 ஆகஸ்ட் 30 அன்று ஒரு ஏற்பாடு வந்தது. 2017 ஜனவரியில் ஒப்பந்தத்தின் நிரந்தரத் திருத்தமானது. இந்தியச் சட்டத்தில் இதற்கு இணை, பிரிவு 92ஏ. முறை அவ்வளவு சிக்கலானது: இதைப் பயன்படுத்தி முழுமையாக நடந்தது ஒன்றே ஒன்று, கனடாவின் அபோடெக்ஸ் ருவாண்டாவுக்கு அனுப்பிய எய்ட்ஸ் மருந்து. ருவாண்டா 2007-இல் அறிவிப்புக் கொடுத்தது. முதல் சரக்கு போனது 2008 செப்டம்பரில்.

இலங்கையில் எப்படி?

அங்கே உள்நாட்டு நீதிமன்றம் வேறு வழியில் தலையிட்டது. இலங்கையில் மசோதா சட்டமாகும் முன்பே அதன் அரசியலமைப்புத் தகுதியை உச்ச நீதிமன்றத்தில் கேட்கலாம். 2003-இல் வந்த அறிவுசார் சொத்து மசோதாவில் கட்டாய உரிமம், இணை இறக்குமதி (வெளிநாட்டில் சட்டப்படி விற்கும் மருந்தை வாங்கி வரவழைப்பது) போன்ற, டிரிப்ஸே அனுமதிக்கும் சலுகைகள் விடுபட்டிருந்தன. சமமற்ற நிலையில் உள்ள நாடுகளைச் சமமாக வைத்து எழுதிய ஒப்பந்தத்தின் சுமையை மட்டும் ஏற்று, அதைக் குறைக்கும் ஏற்பாட்டை விடுவது அரசியலமைப்பின் 12(1) உறுப்புரைக்கு (சமத்துவ உரிமை) முரண் என்று நீதிமன்றம் கண்டது. அதன் பின்னரே திருத்தங்களோடு 2003-ஆம் ஆண்டின் 36-ஆம் இலக்கச் சட்டம் நிறைவேறியது.

தாராள வர்த்தக உடன்படிக்கைகளில் எதைக் கவனிக்க வேண்டும்?

டிரிப்ஸுக்கு மேல் போகும் நிபந்தனைகளை. இரண்டு முக்கியம். ஒன்று, தரவுத் தனியுரிமை: முதல் கம்பெனி மருத்துவப் பரிசோதனைத் தரவைக் கொடுத்து அனுமதி வாங்கியபின், குறிப்பிட்ட ஆண்டுகளுக்கு அந்தத் தரவை நம்பி ஜெனரிக்குக்கு அனுமதி தரக் கூடாது என்பது. காப்புரிமையே இல்லாத மருந்துக்கும் இது ஏகபோகம் தரும். 3(டி)-யில் தோற்றவர் பின்வாசலால் வரலாம். இரண்டு, 20 ஆண்டுக்கு மேல் ஆயுள் நீட்டிப்பு. இந்தியா இவ்விரண்டையும் சட்டத்தில் ஏற்கவில்லை.

ஆனால் மாற்றம் எப்போதும் தலைப்புச் செய்தியாக வருவதில்லை. ஐரோப்பிய நாடுகள் நான்கின் வர்த்தகக் கூட்டான இஎஃப்டிஏ அமைப்போடு 2024 மார்ச் 10 அன்று உடன்பாடு கையெழுத்தானது. ஐந்தாவது நாள் காப்புரிமை விதிகள் திருத்தப்பட்டன, படிவம் 27-இன் இடைவெளி மூன்றாண்டானது. பிரிட்டனோடு 2025 ஜூலை 24 அன்று கையெழுத்தான உடன்பாடு, மருந்து கிடைக்கச் செய்ய விரும்பத்தக்க வழி தன்னார்வ உரிமம் என்கிறது. இதனால் பிரிவு 84 செத்துவிடவில்லை. ஆனால் நாளை ஒரு கட்டாய உரிம மனுவில் இந்த வாக்கியத்தை எதிர்த்தரப்பு வாசிக்காமல் விடாது. உடன்படிக்கை வரைவில் ‘முயல வேண்டும்’, ‘வேண்டும்’ என்ற இரண்டு வினைச்சொற்களை வேறுபடுத்திப் படிக்கப் பழகுங்கள். பாதி விஷயம் அதில் இருக்கிறது.

மருந்தை வெளிநாட்டிலிருந்து நானே வரவழைக்கலாமா?

சொந்த உபயோகத்துக்குச் சிறு அளவில் வரவழைக்க மருந்து விதிகளில் இடம் உண்டு. மருத்துவரின் சீட்டோடு படிவம் 12ஏ-இல் விண்ணப்பித்தால் 12பி-இல் அனுமதி வரும். சாதாரணமாக ஒரு முறைக்கு 100 சராசரி வேளை அளவுக்கு மேல் கூடாது. வணிக அளவில் என்றால் பிரிவு 107ஏ(பி): வெளிநாட்டில் சட்டப்படி விற்க உரிமை பெற்றவரிடம் வாங்கி இறக்குமதி செய்வது காப்புரிமை மீறல் அல்ல. காப்புரிமைத் தடை நீங்கினாலும் மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் இறக்குமதிப் பதிவு தனியே வேண்டும். இரண்டையும் ஒன்றென நினைத்துச் சரக்கைச் சுங்கத்தில் மாட்டிக்கொள்பவர்கள் ஏராளம்.

மாநில அரசால் ஏதாவது செய்ய முடியுமா? காப்புரிமை மத்திய அரசின் பட்டியலில்தானே இருக்கிறது?

சட்டம் இயற்ற முடியாது. ஆனால் வாங்குபவர் என்ற முறையில் மாநிலத்துக்கு நிறைய இடம் இருக்கிறது. தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம்போல் பொதுப்பெயரில் மொத்த டெண்டர் விடுவது ஒன்று. டெண்டருக்கு முன் காப்புரிமை நிலையைப் பார்க்க ஓர் ஆளை வைத்தால், காலாவதியான காப்புரிமைக்கு ஒரே கம்பெனி விலை கொடுக்க வேண்டியிராது.

இன்னும் இரண்டு வரிகள் சட்டத்திலேயே இருக்கின்றன, அதிகம் பேசப்படாதவை. பிரிவு 99, ‘அரசின் பயன்பாடு’ என்பதில் மாநில அரசையும் பெயர் சொல்லிச் சேர்க்கிறது. ஆகவே தன் மருத்துவமனைகளுக்காக பிரிவு 100-இன் அனுமதி தரும்படி மாநிலம் மத்திய அரசிடம் கேட்கலாம். பிரிவு 47-இன் 4-வது உட்பிரிவோ இன்னும் நேரடியானது: மருந்துக்கான எந்தக் காப்புரிமையும், அரசு தன் உபயோகத்துக்கோ, அரசு நடத்தும் மருந்தகங்களிலும் மருத்துவமனைகளிலும் விநியோகிக்கவோ அந்த மருந்தை இறக்குமதி செய்துகொள்ளலாம் என்ற நிபந்தனையோடுதான் வழங்கப்படுகிறது. விலையைக் காட்டிக் கொள்முதலைக் கைவிடும் கோப்பில், இந்தப் பிரிவைப் பார்த்தோம் என்று ஒரு குறிப்பாவது இருக்க வேண்டும்.